யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வியை இறக்கி வைத்த பிறகு

பிறப்புறுப்பில் ஹெர்பீஸ், அதாவது உடலுறவால் பரவும் ஒரு வைரஸ் தொற்று, என்று மருத்துவர் சொல்லி வீடு திரும்புவதற்குள், மருந்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே, "யாரிடமிருந்து வந்தது?" என்ற கேள்வி வந்து நின்றுவிடுகிறது. கணவன் மனைவியைப் பார்க்கிறான், மனைவி கணவனைப் பார்க்கிறாள். சில வீடுகளில் அந்தப் பார்வையோடு குடும்பமே முறிந்துபோகிறது. எனக்கு இந்தத் தொற்று இருக்கிறது. என் கணவருக்கும் இருக்கிறது. எங்களுக்கு ஒரு மகள் இருக்கிறாள், நல்ல ஆரோக்கியத்தோடு. இத்தனை ஆண்டுகள் இந்த வைரஸோடு வாழ்ந்து பார்த்தவள் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்: அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் மருத்துவத்தால் பதில் சொல்ல முடியாது. பதில் தெரிந்தாலும் சிகிச்சையில் ஒரு மாத்திரைகூட மாறப்போவதில்லை.

என் பெயரைப் போடாமல்தான் எழுதுகிறேன். மகள் படிக்கும் பள்ளியும் நான் வேலை பார்க்கும் அலுவலகமும் ஒரே ஊரில் இருக்கின்றன. ஆனால் எழுதாமல் இருக்கவும் மனம் ஒப்பவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ 52 கோடிப் பேருக்கு, அதாவது நூற்றுக்குப் பதின்மூன்று பேருக்கு, பிறப்புறுப்பில் வரும் இரண்டாம் வகை ஹெர்பீஸ் இருக்கிறது. உதட்டோரம் புண் உண்டாக்கும் முதல் வகையோ 50 வயதுக்குட்பட்டவர்களில் 380 கோடிப் பேரிடம் இருக்கிறது. முதல் வகையும் வாய்வழி உறவின் மூலம் பிறப்புறுப்புக்கு வரலாம். இவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்குத் தொற்று இருப்பதே தெரியாது. இவ்வளவு பரவலான ஒன்றை இவ்வளவு அவமானமாக ஆக்கி வைத்திருக்கிறோமே என்ற ஆற்றாமைதான் என்னை எழுத வைக்கிறது.

எனக்கு அது ஒரு சித்திரை மாதத்தில் தொடங்கியது. மதுரை வெயிலில் யாருக்கும் நீர்க்கடுப்பு வரும். இளநீர், வெந்தயம், எண்ணெய்க் குளியல் என்று வீட்டு வைத்தியம் எல்லாம் நடந்தது. ஆனால் எரிச்சல் உள்ளே இல்லை, வெளியே தோலில் இருந்தது. சிறுநீர் படும் ஓர் இடத்தில் மட்டும் சுரீரென்றது. கைக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். சிவந்த தோலின் மேல், குண்டூசித் தலை அளவில் நாலைந்து கொப்புளங்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டு உடைந்து சிறு குழிப்புண்ணாகியிருந்தன. ஒரு பக்கத் தொடை இடுக்கில் லேசாக நெறி கட்டியிருந்தது. இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிறுநீர்ப் பாதையில் கிருமித் தொற்று இருந்தால் எரிச்சல் உள்ளிருந்து வரும். ஹெர்பீஸில் புண்ணின்மேல் சிறுநீர் படுவதால் எரியும். இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் ஆன்டிபயாடிக் மாத்திரைகளை மாற்றி மாற்றி விழுங்கும் பெண்கள் நம்மிடையே ஏராளம். ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸை ஒன்றும் செய்யாது.

பால்வினை நோய் மருத்துவர் அறுபதை நெருங்கிய ஒரு அம்மையார். "கொப்புளம் காய்வதற்குள் வந்துவிட்டீர்கள், நல்லது" என்றார். விளக்கை அருகில் இழுத்துப் பார்த்துவிட்டு, பஞ்சுக் குச்சியால் புண்ணின் அடிப்பகுதியைத் தேய்த்து எடுத்தார். சில நொடிகள் உயிர் போகிற வலி. அந்த வலிக்குப் பலன் இருக்கிறது. புதிய கொப்புளத்திலிருந்து எடுத்த நீரில் பி.சி.ஆர். பரிசோதனை செய்தால், ஹெர்பீஸா இல்லையா, முதல் வகையா இரண்டாம் வகையா என்று தெளிவாகத் தெரிந்துவிடும். பொருக்குத் தட்டிய பிறகு போனால் வைரஸ் அகப்படாமல் போகலாம். ஆகவே இப்படி ஏதாவது கண்ணில் பட்டால் அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாளே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பால்வினை நோய்களுக்கென்றே தனி நிலையம் இருக்கிறது.

பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் அன்றே அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் மாத்திரையை மூன்று வேளை சாப்பிடச் சொன்னார். எரிச்சல் தாங்காவிட்டால், சிறுநீர் கழிக்கும்போதே ஒரு குவளை வெதுவெதுப்பான நீரை மேலே ஊற்றிக்கொண்டே இருங்கள் என்றார். இந்த எளிய யோசனைக்கு அவருக்கு ஆயுள் முழுக்க நன்றி சொல்வேன். நிறையத் தண்ணீர் குடித்தால் சிறுநீர் நீர்த்துப்போய் எரிச்சல் குறைகிறது. இறுக்கமில்லாத பருத்தி உள்ளாடை, புண்ணைத் தொட்டால் உடனே சோப்புப் போட்டுக் கை கழுவுவது, துண்டால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுப்பது, அவ்வளவுதான். சுண்ணாம்போ டெட்டாலோ மஞ்சளோ போடவே கூடாது. மருந்துக்கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் படைக் களிம்புகள் இன்னும் ஆபத்து. அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அது அந்த இடத்துத் தோலின் எதிர்ப்பைக் குறைத்து வைரஸுக்கு வழிவிடும்.

அன்றிரவு மொட்டை மாடியில் நானும் கணவரும் உட்கார்ந்திருந்தோம். "என்னிடம் உண்மையைச் சொல்லிவிடு" என்றார் அவர். "நீங்களும் சொல்லுங்கள்" என்றேன். திருமணத்துக்கு முன்பு எங்கள் இருவருக்குமே ஒரு வாழ்க்கை இருந்தது. அதைப் பற்றி அதுவரை பேசியதில்லை. அன்றைக்குப் பேசினோம். பேசி முடித்தபோது இருவருக்கும் மிஞ்சியது சந்தேகம்தான். ஏனென்றால் இருவருமே, இப்போது வந்த நோய் இப்போது நடந்த ஏதோ ஒன்றால்தான் வந்திருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

அந்த நம்பிக்கையை உடைத்தது அடுத்த வாரம் கையில் வந்த ரத்தப் பரிசோதனைத் தாள். பஞ்சுக் குச்சிப் பரிசோதனையில் இரண்டாம் வகை ஹெர்பீஸ் உறுதியாகியிருந்தது. கொப்புளம் வந்த அதே வாரத்தில் எடுத்த என் ரத்தத்தில், இரண்டாம் வகையை எதிர்க்க உடம்பே உண்டாக்கும் ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்புரதம் ஏற்கெனவே நிறைய இருந்தது. மருத்துவர் எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்து விளக்கினார். தொற்று ஏற்பட்ட பிறகு இந்த எதிர்ப்புரதம் ரத்தத்தில் தெரிய வாரக்கணக்கில் ஆகும். சிலருக்கு மூன்று மாதத்துக்கு மேலும் ஆகும். அது முதல் கொப்புளத்தின்போதே இருக்கிறதென்றால் வைரஸ் உள்ளே நுழைந்து நாளாகிவிட்டது என்று பொருள். மாதங்களாகவும் இருக்கலாம், பத்து வருடமாகவும் இருக்கலாம். இத்தனை காலம் முதுகுத்தண்டின் அடிப்பக்கத்து நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடந்துவிட்டு இப்போதுதான் முதல்முறையாகத் தோலுக்கு வந்திருக்கிறது. என் கணவருக்கு ஒரு கொப்புளம்கூட வந்ததாக நினைவில்லை. அவர் ரத்தத்திலும் அதே எதிர்ப்புரதம் அதே அளவுக்கு இருந்தது.

"உங்கள் இருவரில் யாருக்கு முதலில் வந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. உலகத்தில் எந்த ஆய்வகத்தாலும் இந்தத் தாளை வைத்து அதைச் சொல்ல முடியாது" என்றார் மருத்துவர். எங்கள் கல்யாணத்தை அந்த வாக்கியங்கள் காப்பாற்றின என்றே நினைக்கிறேன்.

பரிசோதனைகள் குறித்து இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு தனியார் ஆய்வகம் "முழுமையான பால்வினை நோய்ப் பரிசோதனை" என்ற பெயரில் ஐ.ஜி.எம். என்ற வேறொரு எதிர்ப்புரதத்தையும் சேர்த்துப் பார்த்து, சிவப்பு எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்திருந்தது. மருத்துவர் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டார். புதிய தொற்று, பழைய தொற்று என்று பிரித்துச் சொல்ல ஹெர்பீஸில் ஐ.ஜி.எம். உதவாது. பழைய தொற்று மறுபடி தலைதூக்கும்போதும் அது வரும். இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு வைரஸ்களாலும் வரும். இந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிய கதையை நான் கேட்டிருக்கிறேன். ஐ.ஜி.ஜி.யிலும் அளவு மிகக் குறைவாக, 1.1 முதல் 3 வரை, இருந்தால் அது பொய்யான முடிவாக இருக்க வாய்ப்புண்டு; வேறு முறையில் உறுதிசெய்யாமல் நம்பக்கூடாது. எந்த அறிகுறியும் இல்லாதவர்கள் மன நிம்மதிக்காக ஹெர்பீஸ் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வதை அமெரிக்க நிபுணர் குழுக்களே பரிந்துரைப்பதில்லை. நிம்மதியைவிடக் குழப்பமே அதிகம் மிஞ்சும் என்பதுதான் காரணம்.

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. ஆனால் சில மாதங்கள் கழித்து, ஊருக்குப் போயிருந்தபோது, புட்டத்தின் மேல்பக்கம் இடுப்பை ஒட்டிக் கொப்புளங்கள் வந்தன. சேலை மாற்றும்போது அம்மா பார்த்துவிட்டார். "அக்கிதானடி இது. குயவர் வீட்டில் எழுதிக்கொண்டு வந்துவிடுவோம்" என்றார். அக்கி கண்ட இடத்தைச் சுற்றிச் செங்காவியைக் குழைத்துக் குயவர்கள் எழுதுவதை எங்கள் ஊரில் இன்றும் பார்க்கலாம். அம்மாவின் கண் ஒரு வகையில் சரியாகத்தான் கணித்திருந்தது. அக்கியும் ஹெர்பீஸ் குடும்பம்தான்; சின்ன வயதில் அம்மை போட்ட வைரஸ் நரம்பில் தங்கியிருந்து பிற்காலத்தில் அக்கியாக வெளிவருகிறது. இரண்டும் கொத்துக் கொத்தாகக் கொப்புளிக்கும், இரண்டும் எரியும். ஆனால் அக்கி பெரும்பாலும் ஆயுளில் ஒருமுறை வந்து போவது. உடம்பின் ஒரு பக்கத்தில் பட்டையாகப் படரும். ஒரே இடத்தில், இடுப்புக்குக் கீழே, திரும்பத் திரும்ப வருகிற "அக்கி" அநேகமாகப் பிறப்புறுப்பு ஹெர்பீஸ்தான். ஒரே நரம்பு முடிச்சிலிருந்து கிளம்புவதால் புட்டத்திலும் தொடையிலும்கூட அது வரும். மருந்து அளவும் வேறு: அக்கிக்கு அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை. வருடாவருடம் அக்கி எழுதிக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால் அவரை ஒருமுறை மருத்துவரிடம் அனுப்பி வையுங்கள்.

முதல் ஆண்டில் நாலைந்து முறை வந்தது. அது வழக்கமான கணக்குதான் என்றார் மருத்துவர். ஆண்டுகள் போகப் போகக் குறையும் என்றார், அப்படியே குறைந்தது. வருவதற்கு முந்தைய நாள் உடம்பு எனக்குச் சொல்லிவிடும். இடது தொடையின் பின்பக்கம் மின்சாரம் ஓடுவதுபோல் குறுகுறுக்கும், அதே இடத்தில் அரிக்கும். கொப்புளம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, அந்தக் குறுகுறுப்பின்போதே, மாத்திரையைத் தொடங்கிவிட வேண்டும். அப்படித் தொடங்கினால் சில சமயம் கொப்புளமே வராமல் போகிறது. காத்திருந்து, கொப்புளம் உடைந்த பிறகு தொடங்கினால் மாத்திரைக்குப் பெரிய வேலை இல்லை. அதனால் ஒரு அட்டை மாத்திரை எப்போதும் கைப்பையில் இருக்கும். தூக்கம் கெட்ட வாரங்கள், காய்ச்சல், மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், இவைதான் எனக்கு வரும் நேரங்கள். உங்களுக்கு வேறாக இருக்கலாம். ஒரு நோட்டில் குறித்து வைத்தால் ஒழுங்கு பிடிபடும்.

அடிக்கடி வருகிறவர்கள் தினமும் சாப்பிடுவதற்கும் முறை இருக்கிறது: அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் இரண்டு வேளை, அல்லது வாலாசைக்ளோவிர் 500 மில்லிகிராம் ஒரு வேளை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவைக் குறைப்பார்கள், ஆகவே மருத்துவர் சொல்லாமல் எதையும் தொடங்க வேண்டாம். மக்கள் மருந்தகத்திலும் அசைக்ளோவிர் மலிவாகக் கிடைக்கிறது. இந்த மாத்திரையை நான் ஒருவித மரியாதையோடுதான் பார்க்கிறேன். வைரஸ் நுழைந்த செல்லுக்குள் வைரஸின் நொதியே இதைத் தூண்டிவிட வேண்டும், அப்போதுதான் வேலை செய்யும். நல்ல செல்களை அநேகமாகத் தொடாது. கெர்ட்ரூட் எலியன் என்ற விஞ்ஞானியின் ஆய்வகத்தில் உருவானது. பெண் என்பதற்காகவே ஆய்வகங்கள் வேலை தர மறுத்த காலத்தில் கிடைத்த வேலைகளைச் செய்து, முனைவர் பட்டம் பெறாமலேயே 1988-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். நான் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையிலும் அந்த அம்மாளின் உழைப்பு இருக்கிறது.

கர்ப்பம் தரித்தபோதுதான் உண்மையிலேயே பயந்தேன். பிறக்கும் குழந்தைக்கு ஹெர்பீஸ் தொற்றினால் மூளையைத் தாக்கும், உயிருக்கே ஆபத்து. ஆனால் மருத்துவர் சொன்ன கணக்கு தலைகீழாக இருந்தது. நெடுநாள் தொற்றுள்ள தாயிடமிருந்து எதிர்ப்புரதம் குழந்தைக்கும் போய்ச் சேர்ந்துவிடுவதால், பிரசவத்தின்போது தொற்றும் வாய்ப்பு மிகவும் குறைவு. பிரசவம் நெருங்கும் மாதங்களில் முதன்முதலாகத் தொற்று வாங்கிக்கொள்ளும் தாயின் குழந்தைக்குத்தான் பேராபத்து. அங்கே தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு முப்பது முதல் ஐம்பது வரை போகிறது. 36-ஆவது வாரத்திலிருந்து அசைக்ளோவிர் மூன்று வேளை சாப்பிட்டேன். வலி எடுத்ததும் மருத்துவர் விளக்கு வைத்து நன்றாகப் பார்த்தார். புண் இல்லை, குறுகுறுப்பும் இல்லை. சுகப்பிரசவம். புண் இருந்திருந்தால் அறுவைச் சிகிச்சை என்று முன்பே பேசி வைத்திருந்தோம். ஹெர்பீஸ் இருப்பதைப் பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் மறைக்கவே கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம். குழந்தை பார்க்க வந்தவர்களில் ஒருவருக்கு உதட்டோரம் காய்ச்சல் புண் இருந்தது. என் கணவர் வாசலிலேயே நின்று, "அண்ணே, புண் ஆறியதும் வந்து தூக்கிக் கொஞ்சுங்கள்" என்றார். அவர் முகம் சுண்டியது. பச்சிளம் குழந்தைக்கு அந்த உதட்டு முத்தமும் அதே ஆபத்துதான்.

ஹெர்பீஸ் உறுதியானதும் மருத்துவர் எழுதிக் கொடுத்த மற்றப் பரிசோதனைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஹெர்பீஸ் புண் இருக்கும் தோல் வழியே எச்.ஐ.வி. எளிதில் நுழையும், இரண்டாம் வகை ஹெர்பீஸ் உள்ளவர்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. அதனால் அதையும் பார்த்தாக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாகப் பார்க்கிறார்கள், முன்னும் பின்னும் ஆலோசகர் பேசுகிறார். எங்கள் இருவருக்கும் இல்லை. இருந்திருந்தாலும் இன்றைக்கு அது மாத்திரையால் கட்டுக்குள் வைக்கக்கூடிய தொற்று, ஏ.ஆர்.டி. என்ற எச்.ஐ.வி. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. வேறொரு இடத்தில் ஒரு செவிலியர் வராந்தாவில் நின்று என் பெயரையும் பரிசோதனையின் பெயரையும் சேர்த்துக் கத்தினார். உள்ளே போய், 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது என்று அமைதியாகச் சொன்னேன். அடுத்த பெயரை அவர் அறைக்குள் வந்து கூப்பிட்டார். சந்தேகம் இருப்பவர்கள் 1097 என்ற கட்டணமில்லாத எண்ணில் பேசலாம்.

ஹெபடைடிஸ் பி இன்னொன்று. மஞ்சள் காமாலை என்றால் தண்ணீரால் வருவது, கீழாநெல்லி போதும் என்று நினைக்கிறோம். இந்த வகை ரத்தத்தாலும் உடலுறவாலும் பரவுவது. உடம்புக்கு வெளியே ஏழு நாள் வரைகூட உயிர்ப்போடு இருக்கும் என்பதால் ஒருவருடைய சவரக் கத்தியையும் பல் துலக்கியையும் இன்னொருவர் தொடக்கூடாது. பெரியவர்களில் பெரும்பாலோர் தாமாகவே தேறிவிடுகிறார்கள். தாயிடமிருந்து வாங்கும் குழந்தைகளில்தான் பத்தில் ஒன்பது பேருக்கு நிரந்தரமாகத் தங்கி, பின்னாளில் கல்லீரலைக் கெடுக்கிறது. அதனால்தான் பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போடுகிறார்கள். எங்கள் தலைமுறைக்குச் சின்ன வயதில் அந்த ஊசி போடவில்லை. இருவருக்கும் தொற்று இல்லை, எதிர்ப்பும் இல்லை என்று வந்ததால் மூன்று தவணையும் போட்டுக்கொண்டோம்: முதல் நாள், ஒரு மாதம், ஆறாம் மாதம்.

உடலுறவால் பரவும் இன்னொரு வைரஸான எச்.பி.வி. பற்றி என் நாத்தனார் மூலம்தான் நன்றாகத் தெரிந்துகொண்டேன். அவர் ஒட்டன்சத்திரத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். நாற்பதைத் தொட்டபோது கருப்பைவாய்ப் பரிசோதனையில் எச்.பி.வி. இருக்கிறது என்று வந்துவிட்டது. போனில் அழுதார். "மதினி, உங்கள் அண்ணன் இப்படிச் செய்வார் என்று நான் நினைக்கவில்லை" என்றார் தன் கணவரைப் பற்றி. என் கணவர் போனை வாங்கி, எங்களைப் பற்றி எல்லாவற்றையும் தன் தங்கையிடம் சொன்னார். அந்தக் குடும்பத்தில் நாங்கள் மனம் திறந்து பேசியது அன்றுதான். உடலுறவு வாழ்க்கை உள்ளவர்களில் பெரும்பாலோர் எப்போதாவது ஒருமுறை எச்.பி.வி.யைப் பெற்றே தீருகிறார்கள். இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் உடம்பே விரட்டிவிடுகிறது. மருக்களை உண்டாக்கும் 6, 11 வகைகள் புற்றுநோயை உண்டாக்குவதில்லை. 16, 18 போன்ற சில வகைகள் உடம்பைவிட்டுப் போகாமல் தங்கினால்தான், அதுவும் பதினைந்து, இருபது ஆண்டுகளில், கருப்பைவாய்ப் புற்றுநோயாகின்றன. நாத்தனாருக்கு எப்போது வந்தது என்று எப்படிச் சொல்வது? கல்யாணத்தின் முதல் வருடத்திலேயே வந்ததாக இருக்கலாம்.

அவருக்கு உருப்பெருக்கிக் கருவி வைத்துப் பார்த்து, மாறத் தொடங்கியிருந்த சிறு பகுதியை வெப்பத்தால் சுட்டு அகற்றினார்கள். மயக்க மருந்துகூட வேண்டியிருக்கவில்லை. மதியம் வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் வீட்டுப் பக்கத்திலேயே, திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில்தான், உலகமே கவனித்த ஓர் ஆய்வு நடந்தது. 2000-ஆம் ஆண்டில் தொடங்கி, 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பைவாயில் அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெள்ளையாக மாறும் இடங்களைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் பார்த்தார்கள். வினிகரில் இருக்கும் அதே அமிலம். ஒரே ஒரு முறை பார்த்ததிலேயே அந்த ஊர்களில் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் ஏற்படும் மரணம் 35 சதவீதமும் குறைந்தன என்று 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். பருத்திக் காட்டிலும் முருங்கைத் தோட்டத்திலும் வேலை செய்த பெண்கள் கூச்சத்தை விட்டு வந்து படுத்ததால் கிடைத்த அறிவு இது. முப்பது வயதைத் தாண்டிய என் தோழிகள் எல்லோரையும் நான் நச்சரித்து அனுப்புகிறேன். கணவருக்கு நடத்தைச் சான்றிதழ் கேட்கும் பரிசோதனை இல்லை இது. உயிரைக் காக்கும் பரிசோதனை.

தடுப்பூசியும் இருக்கிறது. சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவாக் 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. 14 வயதுச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2025-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. என் மகளுக்கு ஒன்பது வயது முடிந்ததும் போட்டுவிட்டோம்.

கடைசியாக என் சித்தி மகனைப் பற்றி. கோயம்புத்தூரில் வேலை. ஒரு பொங்கலுக்கு வந்தபோது அலமாரியில் இருந்த மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு, "அக்கா, இதை உங்களுக்கும் கொடுத்திருக்கிறார்களா?" என்றான். அந்த "உங்களுக்கும்" என்ற சொல்லிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அவனுக்கு முதல்முறையே கடுமையாக வந்திருக்கிறது: காய்ச்சல், தலைவலி, இரு பக்கமும் நெறி, நடக்கவே முடியாத வலி. அப்படி வரும்போது கழுத்து விறைத்தாலோ சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அவனுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் நிச்சயம் முடிந்திருந்தது. "சொன்னால் கல்யாணம் நின்றுவிடும் அக்கா" என்றான்.

சொல்லித்தான் ஆக வேண்டும், கல்யாணத்துக்கு முன்பே சொல்ல வேண்டும் என்றேன். இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை. வாங்கிக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அந்தப் பெண்ணுடையது. எப்படிச் சொல்வது என்பதையும் இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். பகல் வேளையில், இருவரும் நிதானமாக இருக்கும்போது, நேரில். அழுதுகொண்டோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டோ சொன்னால், ஏதோ கொலைபாதகம் செய்தவன்போல் ஆகிவிடும். பெயரைச் சொல், என்ன செய்யும் என்று சொல், என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று சொல், அவள் கேட்பதற்கு நேரம் கொடு, அன்றைக்கே பதில் கேட்காதே.

அந்தப் பெண் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு தானாகவே ஒரு மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்து, குழந்தை பெறுவதைப் பற்றித்தான் முதலில் கேட்டிருக்கிறாள். அவளுக்கு இரண்டாம் வகை இல்லை என்று பரிசோதனையில் வந்தது. இப்போது அவர்கள் வீட்டு முறை இதுதான்: அவன் தினமும் வாலாசைக்ளோவிர் சாப்பிடுகிறான். ஒருவருக்கு மட்டும் தொற்று உள்ள தம்பதிகளிடம் நடத்திய ஆய்வில் அது தொற்றும் வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. 2004-இல் வெளியான முடிவு. அதோடு ஆணுறை. ஆணுறை மூடாத தோலிலிருந்தும் தொற்றலாம் என்பதால் அது மட்டும் போதாது. கொப்புளமோ குறுகுறுப்போ இருக்கும் நாட்களில் உறவே இல்லை. புண் இல்லாத நாட்களிலும் சில சமயம் வைரஸ் தோலில் கசியும் என்பது இருவருக்கும் தெரியும்; தெரிந்தே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். குழந்தைக்குத் திட்டமிடும்போது ஆணுறையை எப்போது விடலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வார்கள். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்கள் உறவைத் தவிர்ப்பது என்று இப்போதே முடிவு செய்திருக்கிறார்கள், அந்தக் காலத்தில் புதிதாகத் தொற்றுவதுதான் குழந்தைக்கு ஆகாது என்பதால். ஹெபடைடிஸ் பி எதிர்ப்பு இல்லாததால் அவளுக்கு இரண்டு தவணை போட்டாகிவிட்டது. எச்.பி.வி. ஊசியையும் கூடவே தொடங்கியிருக்கிறாள். இரண்டுக்கும் மூன்றாம் தவணை ஆடி மாதத்தில் வருகிறது. கூடப் போவதாக நான் சொல்லியிருக்கிறேன்.